விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவில்

எனக்குக் கரண்ட் போவதைத் தவிர வேறு எதற்கும் பயம் கிடையாது. ராசிபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பிலிம் காலத்தில் இருட்டறைக்குள் தனியாக நின்று படம் கழுவியவள் நான், பேய் என்று ஒன்று இருந்திருந்தால் அப்போதே வந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கும். யாராவது அமானுஷ்யம் என்று பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான், அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் எழுந்து போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். அதுவும் இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில், எதிர்க்கடையில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது நடந்தது.

எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து காவேரி என்று ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். கைக்குட்டையில் சுற்றி ஒரு துண்டு கலர் நெகட்டிவ் கொண்டுவந்திருந்தாள்.

“எங்கம்மா மூஞ்சிய நான் பாத்ததே இல்லீங்க்கா,” என்றாள். “நான் கைக்கொழந்தையா இருக்கறப்பவே போயிருச்சு. ஊட்டுல ஒரு போட்டோகூட இல்ல. இதுல அம்மா நிக்குதுன்னு எங்கப்பா சொல்றாருங்க. வெள்ளிக்கெழம பூவாடைக்காரி கும்புடறோம். எப்பவும் வெறும் சீலைய வெச்சுத்தான் கும்புடுவோம். இந்தத் தடவ மூஞ்சி வேணுங்க.”

பூவாடைக்காரி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பல வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால், அந்த வீட்டில் தாலியோடு செத்துப்போன பெண்ணுக்குப் புதுச்சேலையும் பூவும் வைத்து, நீயும் வந்து நில் என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் காவேரி கேட்ட விதத்தில் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கல்யாண குரூப் போட்டோ, ஒவ்வொரு முகமும் எள்ளளவு. செல்போனில் எடுத்துப் பெரிதாக்கினால் வெறும் புள்ளிதான் வரும். பிலிம் ஸ்கேனரில் போட்டால்தான் ஆகும், அங்கேதான் சிக்கல். என் ஸ்கேனர் ரொம்பப் பழசு, அதைச் செய்த கம்பெனிக்காரர்களே கைகழுவிவிட்டார்கள். அதோடு ஒத்துப்போன பழைய கம்ப்யூட்டர் மழைக்காலத்தில் செத்துப்போனது. புதுக் கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகினால் ‘தெரியாத சாதனம்’ என்று ஒரே வரியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த வாரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். ஸ்கேனரையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கிற டிரைவர் என்ற பழைய புரோகிராமைத் தேடி எடுத்தேன், அதில் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இல்லை என்று கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது, கையெழுத்துப் பார்க்காதே என்று அதற்குச் சொல்லிவிட்டு அணைத்து அணைத்துப் போட்டேன், டிரைவர் பைலுக்குள்ளேயே நுழைந்து இரண்டு வரியைத் திருத்தினேன், ஒயரை மாற்றினேன். கெட்ட வார்த்தையில் திட்டவும் செய்தேன், மறைப்பானேன். காவேரி தினம் போன் போட்டு, “ஆச்சுங்களாக்கா?” என்பாள். இன்னும் இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் காவேரி அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கடைசி முயற்சியாக வேறொரு ஸ்கேன் புரோகிராமைப் போட்டு ஸ்கேனர் சுவிட்சைத் தட்டினேன், நம்பினால் நம்புங்கள், அதுவரை செத்த பாம்பு போலக் கிடந்தது பச்சை விளக்கைப் போட்டு, கரகரவென்று உறுமி, நெகட்டிவை உள்ளே இழுத்துக்கொண்டது.

படம் மேலிருந்து கீழே கோடு கோடாக வந்தது. மூன்று பேரும் பார்த்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். ஓரத்தில் மீசையோடு இளவயதில் இந்தப் பெரியவர், கையில் குழந்தை. அதுதான் காவேரி. அவருக்கும் மணப்பெண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி, அந்த இடத்தில் மட்டும் பின்சுவர் கட்டைவிரலால் தேய்த்த மாதிரி கலங்கியிருந்தது. நெருங்கி நில்லுங்கள் என்று சொல்லாமல் எவன் இப்படிப் படம் எடுத்தான் என்று எனக்கு எரிச்சல்.

“அம்மா எங்கேப்பா?” என்றாள் காவேரி.

பெரியவர் ஸ்டூலிலிருந்தே எட்டி அந்த இடைவெளியில் விரலை வைத்தார்.

“அங்க யாருமே இல்லியே. இத்தன வருசமா இருக்கா, இருக்கான்னு சொன்னியேப்பா.”

“இருக்காளுங்க அம்மிணி,” என்று பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார். “எந் தங்கச்சி கண்ணாலம் அது. இவ அம்மா அதுக்கு மின்னாடியே போயிட்டா. பூவாடைக்காரி கும்புட்டுக் கூப்புட்டோமுங்க. கூப்புட்டவளுக்கு நிக்க எடம் உடோணுமில்லீங்க? போட்டோக்காரரு நெருங்கச் சொன்னாரு, நாந்தான் உடலீங்க.”

காவேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. காலி இடத்தைக் காட்டியா ஒரு பெண்ணை இத்தனை வருஷம் ஏமாற்றுவது? ஆனாலும் அந்தக் கலங்கல் என் கண்ணை உறுத்தியது, பிலிமில் பூஞ்சை பிடித்திருக்குமோ என்று சந்தேகம். அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. இந்த ஸ்கேனர் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியிலும் பிலிமைத் தனியாகப் படம் எடுக்கும். கலர் பிலிமில் இருக்கிற மனிதர்கள் யாரும் அந்த ஒளியில் தெரிய மாட்டார்கள். எல்லாம் வெள்ளையாகிவிடும், மேலே ஒட்டியிருக்கும் தூசியும் கீறலும் பூஞ்சையும் மட்டும் ஒளியை மறைத்துக் கறுப்பாக வரும். அதை வைத்துத்தான் புரோகிராம் படத்தைச் சுத்தம் செய்யும். தூசி நீக்கு என்ற கட்டத்தில் டிக் போட்டு வைப்பது என் வழக்கம், அன்றும் போட்டிருந்தேன்.

அந்தத் தூசிப் படத்தைத் திறந்தேன். பெண் இல்லை, மாப்பிள்ளை இல்லை, குழந்தை இல்லை, எல்லாரும் வெள்ளையில் மறைந்துவிட்டார்கள், அப்படித்தான் ஆக வேண்டும். அந்த இடைவெளியில் மட்டும் ஒரு பெண் நின்றிருந்தாள்.

தூசி அப்படித் தெரிந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். மூக்குத்தி தெரிந்தது, காதுமடல் தெரிந்தது, கழுத்தில் தாலிக்கயிறு தெரிந்தது. புரோகிராம் அவளைத் தூசி என்று நினைத்துப் படத்திலிருந்து துடைத்திருக்கிறது, அந்தக் கலங்கல் அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் போட்டேன். இப்போது அந்த இடத்தில் கலங்கல் இல்லை, சுண்ணாம்புச் சுவர் விரிசலோடு பளிச்சென்று தெரிந்தது. தூசிப் படத்தையும் மறுபடி எடுத்தேன், வெறும் வெள்ளை, நாலு புள்ளித் தூசி. முதலில் எடுத்த படத்தில் மட்டும்தான் அவள் இருந்தாள்.

காவேரி மானிட்டருக்கு அருகில் வந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருக்கிற அதே தாடை, அதே நெற்றி. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“சாவறப்ப அம்மாவுக்கு என்ன வயசுப்பா?”

“இருவதுகூட நெறையல, சாமி.”

நானும் அப்போதுதான் கவனித்தேன். திரையில் இருந்தது சின்னப் பெண் இல்லை. கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழுந்து, நெற்றியில் முடி ஏறிப்போன அறுபது வயது முகம்.

பெரியவர் எழுந்து வந்து ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியதே தவிர முகத்தில் ஆச்சரியம் இல்லை. “எளச்சுப் போயிட்டா,” என்றார். “இவ அன்னிக்கு வந்தவ இல்லீங்க. பேத்தி கண்ணாலத்துக்கு இப்பத்தான் வந்திருக்கா.”

அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். காவேரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள், அழுகையும் சிரிப்புமாக. வெள்ளிக்கிழமை புதுச்சேலைக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டதாகப் போனில் சொன்னாள்.

பிலிமில் அவள் இல்லை, இரண்டாம் தடவை எடுத்தபோதே தெரிந்துவிட்டது. அப்படியானால் அன்று மத்தியானம் ஸ்கேனருக்குள், விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவில், ஒரு விரல்கூட நுழையாத இடத்தில் வந்து நின்றது யார்? இப்போது யார் நெகட்டிவ் கொண்டுவந்தாலும் அந்தத் தூசிப் படத்தை நான் திறந்து பார்ப்பதில்லை. தூசி நீக்கு என்ற கட்டத்தில் டிக்கும் போடுவதில்லை. மவுஸைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கி, தூசிதான் என்று நன்றாகத் தெரிந்த பிறகே கையால் எடுக்கிறேன்.