சந்தனம் பூசிய பிஸ்டல்

அப்பாவின் பிஸ்டல் அவரைவிட வயதில் மூத்தது, வெளிநாட்டில் செய்தது. பட்டுக்கடையின் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைபிள் கிளப்புக்கு என்னைத்தான் அழைத்துப் போவார். அண்ணனுக்கு அந்தச் சத்தமே ஆகாது. அதனால் அதன் குணம் எனக்குத்தான் அத்துப்படி. உருண்டை முனைத் தோட்டா என்றால் தகராறு செய்யாது. தட்டை முனையைப் போட்டால் பாதி வழியில் கடித்துக்கொண்டு நிற்கும். தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் மேகசின்களில், அதனோடு வந்த பழையது நல்லது. பின்னால் வாங்கியதன் ஸ்பிரிங்குக்குத் தோட்டாவைத் தூக்கிவிட வலுவில்லை.

அப்பா போன பிறகு, வாரிசுகள் எல்லோரும் சம்மதித்தால்தான் லைசென்ஸ் மாறும் என்றார்கள். எனக்கு வேண்டும் என்று கேட்டேன்.

"பொம்பளைக்கு இன்னாத்துக்குமா துப்பாக்கி? கோலம் போடவா?" என்றார் அண்ணன். உறவுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா அழுததால் அண்ணன் பெயருக்கு மாற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சிரிப்பை மட்டும் நான் மன்னிக்கவே இல்லை.

ஆயுத பூஜையன்று தறிக்கும் தராசுக்கும் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா பிஸ்டலின் பிடியில் ஒரு பொட்டோடு நிறுத்திவிடுவார். அண்ணனோ பக்தி முற்றி, இரண்டு மேகசின்களின் வாயிலும் சந்தனத்தை அப்பினார். நான் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு, சிரித்த அதே கூட்டத்தை வேடிக்கை பார்க்கக் கிளப்புக்கு அழைத்து வந்தார். முதல் குண்டு பாய்ந்தது. இரண்டாவது சிக்கியது. தோட்டாவை மாற்றினார், மேகசினை மாற்றினார். மறுபடியும் சிக்கியது.

"செத்த துப்பாக்கிபா இது. ஸ்டேஷன்ல குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்."

எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அவர் வேண்டாம் என்று கைகழுவினால், என் பெயருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், பிஸ்டல் எனக்குத்தான்.

ஆனால் சிரித்தவர்கள் அத்தனை பேரும் எதிரிலேயே நிற்கிறார்களே! "குடுண்ணா" என்று வாங்கி, அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது திரும்பி நின்று பழைய மேகசினிலிருந்த சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். உருண்டை முனைத் தோட்டாக்களாகப் பொறுக்கி நிரப்பினேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. எல்லாம் குறி அட்டையின் நடுவிலேயே விழுந்தன. சிரித்தவர்கள் அந்த அட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

அண்ணன் முகம்தான் மலர்ந்தது. "பாத்தீங்களா! எங்க அப்பா துப்பாக்கின்னா சும்மாவா? எவ்ளோ ஜோரா சுடுது! இதைப் போயி யாராச்சும் குடுப்பாங்களா?" என்று என் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஏன் சிக்கியது என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, "நீங்க சமையலைப் பாருங்கண்ணி, சந்தனம் நான் அரைக்கிறேன்" என்று முந்திக்கொண்டேன். கெட்டியாக, கிண்ணம் நிறைய அரைத்து அண்ணன் கையில் கொடுத்தேன்.