போன மாதத்தில் நின்ற லேப்டாப்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு 'நெட் அக்கா' என்றே பெயர். கூரையருகே இருக்கும் வைஃபை பெட்டிகளைக்கூட ஏணி போட்டு ஏறி மாட்டியவள் அவள்தான். உதவிக்கென்று புதிதாக ஒருத்தி வந்ததிலிருந்து எல்லோரும் அந்தப் புதியவளின் மேசைக்கே போகிறார்கள்.

இன்று கணக்கரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்காவைத் தாண்டிப் புதியவளிடம் போனார். "பாப்பா, வைஃபை வரவே மாட்டேங்குதும்மா."

புதியவள் கடவுச்சொல்லை மறுபடி அடித்தாள். லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. விட்டுப்போன பில்களைப் பழைய தேதியில் போடுவதற்காகக் கணக்கர் லேப்டாப்பின் தேதியைப் பின்னுக்குத் தள்ளுவார், பிறகு மறந்துவிடுவார். வைஃபையின் பாதுகாப்புச் சான்றிதழோ இந்த வாரம்தான் புதுப்பித்தது; அந்தத் தேதியிலிருந்துதான் அது செல்லும். போன மாதத்தில் நிற்கும் லேப்டாப் அதை எப்படி ஏற்கும்? தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"விடு பாப்பா, உன்னாலயே முடியலன்னா வேற யாரால முடியும்?" என்றார் கணக்கர்.

அதற்கு மேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை. "தேதியைப் பாருங்கண்ணே! இன்னும் போன மாசத்துலயே உக்காந்திருக்கீங்க."

தேதியை மாற்றியதும் வைஃபை கிடைத்துவிட்டது.

"அய்யோ, சூப்பர்க்கா!" என்று புதியவள் கைதட்டினாள். "நானா இருந்தா சாயங்காலம் வரைக்கும் கடவுச்சொல்லையே அடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

"கொஞ்சமாவது கர்வம் இருக்கா பாரு இந்தப் பொண்ணுக்கு!" என்று கணக்கர் மெச்சிக்கொண்டே நடந்தார்.

அக்காவின் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.