வால்வைத் திருப்பிய கை

கைதட்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அக்காவின் ஐந்து வருட உழைப்பு கருவியின் கண்ணாடிச் சன்னலுக்குள் இளஞ்சிவப்பாய்ப் பொசுங்கிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த விருந்தாளிகள் அதை வாணவேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆய்வுக்கூட இயக்குநரும் சேர்ந்து சிரித்தார்.

தொண்ணூறுகளில் ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்கா அங்கே ஆராய்ச்சி மாணவி. சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ், கடலைக் கடக்கப் பெர்ரி, மறுபடி பஸ் என்று வருவார். உறவு கிடையாது, ஆனாலும் எனக்கு அக்காதான். துள்ளித் திரியும் மூலக்கூறுகளை மின்புலத்தால் விரல் நீளக் கூண்டுக்குள் பிடித்து வைப்பார். பிறகு குளிரவைத்த ஹீலியம் அணுக்களைக் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே விடுவார். ஒவ்வொரு மோதலிலும் மூலக்கூறு தன் சூட்டில் சிறிதை அணுவிடம் இழக்கும். மோதி மோதித்தான் அடங்கும். வாயு அதிகமானால் கூண்டின் மின்சாரம் அதன் வழியாகவே பாய்ந்து எல்லாவற்றையும் பொசுக்கிவிடும். அதனால் வால்வில் டேப் ஒட்டி, சிவப்பு மையில் எல்லைக் கோடு போட்டிருந்தார். கடைசி அளவீடு ஒன்றுதான் பாக்கி. அந்த மாதத்துக்குள் அது கிடைக்காவிட்டால் முனைவர் பட்டம் இல்லை.

பெரிய மனிதர்கள் வந்துவிட்டால் இயக்குநருக்குக் கை சும்மா இருக்காது. "ஒன்னும் தெரியலையே?" என்று ஒரு விருந்தாளி கேட்டதுதான் தாமதம், "குளிர் பத்தலன்னா கூடக் கொஞ்சம் கேஸ் விட வேண்டியதுதானே லா," என்று வால்வைப் பிடித்துத் திருகினார். "வேணாம் சார்!" என்று அக்கா கத்தியது கைதட்டலில் அமுங்கிப் போனது.

மறுவாரம் விசாரணை. மாணவியின் கவனக்குறைவு என்று இயக்குநர் கூசாமல் எழுதிக் கொடுத்திருந்தார். வால்வைத் திருப்பியது யார் என்று மூன்று பேர் உட்கார்ந்து என்னைக் கேட்டார்கள். ஒரு கை தூரத்தில் நின்றவன் நான். வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. "கவனிக்கல சார்," என்றேன். தூ! அவர் செய்தது திமிர் என்றால் நான் செய்தது அதைவிடக் கேவலம். ஆராய்ச்சி மாணவர் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை அந்த மாதமே எடுத்துவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து ஆயர் ஈத்தாம் பாசாரில் அக்காவைப் பார்த்தேன். டியூஷன் எடுப்பதாகச் சொன்னார். காய்கறிப் பையோடு நின்றவரிடம் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். "நான் பாத்தேன்க்கா. அவர்தான் திருப்புனாரு."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"இத ஏன் எங்கிட்ட சொல்றே? நானும்தானே அங்க நின்னேன். ஒன்ன கூப்பிட்டு வச்சுக் கேட்டாங்கல்ல தம்பி, அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்."