வராமல் போன நோயாளிகள்

நோய் கட்டுக்குள் இருப்பவர்களைக் காட்டும் கிராபில் எங்கள் ஆஸ்பத்திரியின் கோடு மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. கொரியா, தைவான், தாய்லாந்து எல்லாம் கீழே. ஆன்லைன் மீட்டிங்கில் சிங்கப்பூரிலிருந்து பேசிய புள்ளியியல் நிபுணர் மெய் லிங் எங்களைப் பாராட்டினார். எங்கள் நுரையீரல் டாக்டர் கீதா நன்றி சொல்லிவிட்டு மைக்கை அணைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரோஸ்லின், நம்ம பேஷன்ட்ஸ் இவ்வளவு நல்லாவா இருக்காங்க? எனக்கு அப்படித் தெரியலையே."

எனக்கும் அப்படித் தெரியவில்லை.

திருவொற்றியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, கடைசியில் ரிசர்ச் கோஆர்டினேட்டர் ஆனவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஒரு ஸ்டடியைப் பற்றிச் சொல்கிறேன். நோயாளிகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஸ்டடி

நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்கு ஒரு புது இன்ஹேலர் வந்திருந்தது. ஆசியாவில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்காக யாருக்கும் தனியாக மருந்து கொடுப்பதில்லை. வழக்கமான சிகிச்சையில் ஏற்கெனவே பதிவான விவரங்களை, பெயர், முகவரியை நீக்கி, ஒவ்வொரு நாட்டு ஆஸ்பத்திரியும் சிங்கப்பூருக்கு அனுப்பும். ரியல் வேர்ல்டு டேட்டா என்பார்கள்.

விதி எளிமையானது. இந்த இன்ஹேலருக்கு மாற்றிய பிறகு ஒரு வருடத்துக்குள் எமர்ஜென்சிக்கு வராத, வார்டில் சேராத நோயாளிக்கு நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று கணக்கு.

கொரியாவில் ஒருவர் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரே எண்ணில் பதிவாகிவிடும். இறந்தாலும் அதே எண்ணில் தெரிந்துவிடும். எங்களிடம் ஒருவர் வரவில்லை என்றால், வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். மீஞ்சூர் தாண்டி மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒன்றுதான். எமர்ஜென்சி: இல்லை. அட்மிஷன்: இல்லை.

"அவங்களைத் தேடிப் பார்ப்போம்" என்றார் டாக்டர். எதிக்ஸ் கமிட்டியில் அனுமதி வாங்க அலைந்தவரும் அவர்தான்.

காலடிப்பேட்டை

போன் செய்தால் பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. அதனால் நேரில் போக ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்தது தேவராஜை. கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். வாசலில் சட்டையில்லாமல் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூச்சுக்குத் தவிக்கிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"இன்னா சிஸ்டர், வூடு தேடி வந்துகீற?"

"ஏண்ணா ஆஸ்பத்திரிக்கு வர்றதில்ல?"

"வந்தா ஒரு நாள் பூரா காலி. இங்க தெருமுனை டாக்டரு ஊசி போடுவாரு. கொஞ்ச நேரத்துல மூச்சு வந்துரும், வண்டிய எடுத்துகினு கெளம்பிருவேன்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் பல இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். எங்கள் கணக்கில் அவர் கட்டுக்குள் இருக்கும் நோயாளி.

சடையங்குப்பம்

அந்தோணி ஹார்பரில் நிலக்கரி இறக்கும் வேலை பார்த்தவர். ராயபுரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் சடையங்குப்பத்துக்குக் குடி வந்திருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி பிலோமினா.

"அவரு பூட்டாரே சிஸ்டர். மழைத்தண்ணி நின்னுச்சே, அப்போ. ஆட்டோக்காரன் உள்ள வரமாட்டேன்ட்டான். நாற்காலில வெச்சி மெயின் ரோடு வரைக்கும் தூக்கிகினு போனோம். அங்கயே முடிஞ்சிபோச்சி."

பிலோமினா எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நீ இன்னாத்துக்குமா வந்த?"

பொய் சொல்ல மனமில்லை. பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சி, பழைய பதிவுகளை வைத்துக் கணக்குப் பார்க்கிறோம், ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம் என்று முடிந்தவரை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ உங்க கம்ப்யூட்டர்ல அவரு நல்லாயிட்டார்னா கீது?"

"ஆமாம்மா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நல்லாயிருந்தா வூட்லதானே இருந்திருப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்தடுத்த வாரங்களில் எண்ணூர், எர்ணாவூர் என்று இன்னும் பல வீடுகளுக்குப் போனேன். நிஜமாகவே நன்றாக இருந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கோடு அவ்வளவு உயரத்தில் நிற்க வழியே இல்லை.

மறுபடி மீட்டிங்

டாக்டர் கீதா எல்லாவற்றையும் சொன்னார். மெய் லிங் கெட்டவர் இல்லை.

"மற்ற நாடுகளில் யாரும் வீடு வீடாகப் போகவில்லை. உங்கள் நோயாளிகளை மட்டும் தேடிப் போய்த் திருத்தினால் ஒப்பிட முடியாது. திருத்தாமல் விட்டால் தப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது" என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியை ஆராய்ச்சியிலிருந்து நீக்குவதென்று முடிவாயிற்று. டாக்டரும் ஒப்புக்கொண்டார். "தப்பான கோடா இருக்கிறதுக்கு இல்லாமலே போகலாம், ரோஸ்லின்." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வீடுகளில் கண்டதைத் தனிக் கட்டுரையாக எழுதி ஒரு ஜர்னலுக்கு அனுப்பினார். நோயாளிகளின் எண்ணிக்கை போதாது என்று திரும்பி வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரி இல்லாமலே ஸ்டடியின் பெரிய கட்டுரை வெளிவந்தது. சில மாதம் கழித்து ஒரு மெடிக்கல் ரெப் அதன் பிரதியோடு எங்கள் ஓ.பி.க்கு வந்தார். "ஏஷியன் பேஷன்ட்ஸ்ல நல்ல ரிசல்ட் மேடம்."

"இதுல எங்க ஊரு பேஷன்ட் எத்தனை பேரு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஏஷியான்னா நாமளும்தானே மேடம்" என்றார் அந்தப் பையன். வெளியே அந்த மருந்துக்காகவே காத்திருந்தவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பதிவுகளை நீக்கிவிட்டதை பிலோமினாவிடம் போய்ச் சொன்னேன். சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

"இப்போ அவரு நல்லாயிட்டார்னு இல்லியே?"

"இல்லம்மா. எடுத்துட்டாங்க."

"செத்துட்டார்னும் இல்ல?"

"அதுவும் இல்ல."

"ரெண்டும் இல்லியா" என்றார். பிறகு, "டீ குடிக்கிறியா சிஸ்டர்?" என்று எழுந்தார்.

இப்போது அந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு நோயாளி வராமல் நின்றுவிட்டால், அவர் பெயருக்கு எதிரே 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். அதைவிட நல்லதாக எதையாவது எழுத வேண்டுமென்றால், போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.