போன் செய்து சொன்ன ஹேக்கர்

பொள்ளாச்சியில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். எங்கள் இணையதளத்தில் ஜாதகம் பதிந்திருந்த சரவணம்பட்டிப் பெண் ஒருத்தி ஒருநாள் போன் செய்தாள்.

“ஏனுங்க, என் ஜாதகப் பக்கத்தோட முகவரியில ஒரு நம்பரை மாத்தினா, அடுத்த பொண்ணோட போட்டோ, போன் நம்பரெல்லாம் வருதுங்க.”

“ஏனம்மணி, ஹேக் பண்ணிப்போட்டு எனக்கே சொல்றியா? போலீசுக்குப் போவேன்.”

“போங்க. அதுக்கு முன்னால சைட்டை மூடிப்போடுங்க. திருடறவன் உங்களுக்கு போன் பண்ண மாட்டானுங்க.”

நானே எண்ணை மாற்றிப் பார்த்தேன். பெற்றவர்கள் என்னை நம்பித் தந்த பெண்களின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. உடனே தளத்தை மூடினேன்.

ஹேக்கர் என்றால் திருடன் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஓட்டையைச் சரிசெய்தபின் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சோதித்துப் பார்க்க அவளுக்கு மட்டும் தளத்தைத் திறந்துவிட்டு, “இப்ப அடுத்தவங்க பக்கத்துக்குள்ளே வர முடியுதான்னு பாரு அம்மணி” என்றேன்.

“முடியலீங்க” என்று அவள் சொன்ன பிறகே தளத்தை எல்லோருக்கும் திறந்தேன்.