அவசரமும் அத்தையின் கயிறும்

ட்ராக்கில் அவளை எல்லோரும் "அவசரம்" என்றுதான் கூப்பிடுவார்கள். "அவசரம் வந்தாச்சா? அவசரத்துக்கு எந்த லேன்?" என்று அறிவிப்பாளரே மைக்கில் கேட்கும் அளவுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பேரில் அவளுக்கு வருத்தமில்லை. வந்த காரணத்தில்தான் வருத்தம்.

பிஎம்எக்ஸ் பந்தயம் என்பது குட்டிச் சக்கரமும் ஒரே ஒரு பிரேக்கும் உள்ள சைக்கிளில், மண்ணைக் குவித்துக் கட்டிய மேடுகள் மேலும் வளைவுகள் மேலும் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பாய்ந்து போவது. ஒரு நிமிடம்கூட ஆகாது. முதல் தடவை பார்க்க வந்த அம்மா, "அவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்? டிக்கெட் எடுக்கவே இதைவிட நேரமாச்சு" என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்திலும் பாதி விதி முதல் நொடியிலேயே எழுதப்பட்டுவிடும். செங்குத்தான சரிவின் உச்சியில் ஓர் இரும்பு கேட் நிற்கும். முன் சக்கரத்தை அதில் சாய்த்து, இரண்டு பாதங்களையும் பெடலில் ஏற்றி, விழாமல் நிற்க வேண்டும். பதிவு செய்த குரல் ஒன்று "தயாராகுங்கள்" என்று சொல்லும். அப்புறம் ஒரு மௌனம். அது எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு தடவையும் மாறும். பிறகு 'பீப்' சத்தம் கேட்கும், கேட் முன்பக்கமாகத் தடாலென்று விழும். தாமதமாகக் கிளம்பினால் கண்ணுக்கு முன் ஏழு முதுகுகள். முந்திக்கொண்டால் இன்னும் மோசம். சக்கரம் கேட்டில் மோதித் திரும்பி, நிதானத்துக்கு வருவதற்குள் அந்த ஏழு முதுகுகளும் முதல் மேட்டைத் தாண்டியிருக்கும்.

அவள் முந்திக்கொள்கிற ரகம். அந்த மௌனத்தை அவளால் தாங்க முடியாது. யாரோ பேச வாயெடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பதைப் போல இருக்கும். சரி, நாமே முடித்து வைப்போம் என்று அவள் கால்கள் முடிவெடுத்துவிடும்.

பத்து வயதில் எதிர்வீட்டுக் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல்குவியலில் ஆரம்பித்தது எல்லாம். கொத்தனார் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துச் சைக்கிளோடு அதில் ஏறிப் பறப்பாள். முதல் பந்தயத்துக்கு அதே சைக்கிளைத்தான் கொண்டுபோனாள். கூடை, மணி, செயின் கவர், ஸ்டாண்ட் சகிதம். சோதனை செய்யும் அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, பந்தயத்துக்கு வந்தியா, காய்கறி வாங்க வந்தியா?" என்று கேட்டுவிட்டு, அவரே ஸ்பேனர் எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். மிச்சமிருந்த எலும்புக்கூட்டில் ஏறி அவள் இரண்டாவதாக வந்தாள். வீட்டில் ஸ்டாண்ட் எங்கே என்று அம்மா கேட்டதற்குக் கோப்பையைக் காட்டினாள். "இது நிக்குது சரி, சைக்கிள் எதுல நிக்கும்?" என்றாள் அம்மா.

பத்தொன்பதில் ஒரு சைக்கிள் கம்பெனி அவளைத் தன் டீமில் சேர்த்துக்கொண்டது. சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டுபவள் ஆனாள். அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அவள் வேலையில் சேர்ந்த அன்று மகளிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "எங்க வேணா போ, எப்படி வேணா தாவு. என் வண்டில மட்டும் ஏறிடாத."

அவள் ஏறவில்லை. ஆனால் ஃபைனலுக்கும் போகவில்லை. மேட்டில் தாவுவதிலும் வளைவில் சாய்வதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேட்டில் விட்டதைக் கடைசி வளைவுக்குள் பிடிக்கப் போய், அரையிறுதியில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்து நிற்பாள். முதல் நான்கு பேருக்குத்தான் ஃபைனல்.

டீம் மேனேஜர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கும் மேலே ஆள் உண்டு. ஒருநாள் பயிற்சி முடிந்து அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஆடுகூட ரெண்டு தடவைக்கு மேல ஒரே கேட்டை முட்டாது."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"வருஷக் கடைசிப் பந்தயம் வருதுல்ல. அதுல ஃபைனலுக்கு வந்துட்டா அடுத்த வருஷமும் நீ டீம்ல இருக்க. இல்லன்னா உன் இடத்துக்கு வேற பொண்ணப் பாக்கச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், சைக்கிளை விட்டால் தனக்கு வேறென்ன தெரியும் என்று யோசித்தாள். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். கூட உட்கார்ந்து பட்டன் தைக்கலாம். ஆனால் அவள் தைத்த பட்டன், போட்டிருப்பவர் தும்மினாலே தெறித்து ஓடிவிடும்.

விஷயம் தெரிந்ததும் அப்பா வேலையில் இறங்கினார். கொல்லைப்புறத்தில் ஒரு பழைய கதவை எடுத்துக் கீழே கீல் வைத்து நிறுத்தினார். மேலே ஒரு கயிறு. பின்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் இருப்பவர் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும்வரை கதவு நிற்கும். விட்டால் விழும். வீட்டுக்கே சொந்தமாக ஒரு கேட்.

அதில் அவள் ராணி. அப்பா கயிறு பிடித்தால் கதவும் அவளும் ஒன்றாகக் கிளம்புவார்கள். அம்மா பிடித்தாலும் அப்படியே. தரையில் விழுந்த கதவின் மேல் சக்கரம் தடதடவென்று ஓடும்போது பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், அப்பா கைதட்டுவார். மறுநாள் ட்ராக்குக்குப் போனால் பழைய குருடி கதவைத் திறடி கதை.

"வீட்டுல புலி, வெளிய எலியா?" என்றாள் அம்மா.

ஒரு காலை அப்பா டியூட்டிக்குப் போய்விட்டார், அம்மாவிடம் அவசரத் தையல். அத்தைதான் கிடைத்தாள். அத்தை அப்பாவின் அக்கா. மருத்துவமனைப் பதிவு கவுண்டரில் இரவு வேலை. விடிந்து வீடு திரும்புகிறவளுக்குக் கண்கள் தனியாகத் தூங்கிக்கொண்டே வரும்.

"கயித்தைப் பிடிச்சுட்டு உக்காரணும், அவ்வளவுதானே? உக்காந்து செய்யற வேலை எதா இருந்தாலும் எனக்குச் சரி."

அவள் பெடலில் ஏறி நின்றாள். காத்திருந்தாள். பாய்ந்தாள். டமாரென்று கதவில் மோதினாள். மறுபடி நின்றாள், மறுபடி மோதினாள். மூன்றாவது தடவை காத்துக் காத்துச் சலித்து, பாதத்தைத் தரையில் ஊன்றிய மறுகணம் கதவு தானாக விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். அத்தையின் தாடை நெஞ்சில் கிடந்தது. கயிறு மடியில் கிடந்தது.

"அத்தே, தூங்கறீங்களா?"

"யாருடி தூங்கறா? கண்ண மூடிட்டு யோசிச்சிட்டிருந்தேன்."

"கயித்தை எப்ப விட்டீங்க?"

"விட்டேனா?"

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கதவை நிமிர்த்தும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா கயிற்றை விடுவதற்கு முன்னால், ஓட்டிப் பழகிய வலது கால் தரையில் ஒரு மிதி மிதிக்கும். செருப்பு சரசரக்கும். அம்மா வாயில் குண்டூசிகளோடு எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள், விடுவதற்கு முன் முணுமுணுப்பு நின்றுவிடும். இத்தனை நாள் அவள் கதவுக்காகக் காத்திருக்கவே இல்லை. வீட்டாரைப் படித்துக்கொண்டிருந்தாள். ட்ராக்கில் அந்தக் குரலுக்குச் செருப்பும் இல்லை, வாயில் குண்டூசியும் இல்லை. படிக்க ஒன்றும் கிடைக்காமல்தான் கால்கள் கற்பனை செய்துகொண்டு பாய்ந்தன.

அத்தையையும் படிக்க முடியாது. எப்போது விடுவாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்றிலிருந்து வீட்டில் அத்தைக்குத் தனி மரியாதை. நாற்காலிக்குத் தலையணை வந்தது. அம்மா காபி கொடுக்கப் போனால் அவள் ஓடிவந்து தடுப்பாள். "குடுக்காதம்மா, முழிச்சுக்குவாங்க!"

"அண்ணி பாவம்டி."

"பாவமா? தூங்கறதுக்கு ஒரு வீட்டுல கைதட்டறாங்கன்னா அது என் வீடுதான்" என்பாள் அத்தை, கண்ணைத் திறக்காமலே.

முதலில் மோதல்தான். ஹேண்டில்பார் இடித்துத் தொடையெல்லாம் நாவல்பழ நிறம். பிறகு மெல்ல மெல்ல, எதையும் ஊகிக்காமல் நிற்பது என்றால் என்னவென்று உடம்புக்குப் பிடிபட்டது. பின்னால் அத்தையின் மூச்சு ஏறி இறங்கும். சுவரில் ஓர் எறும்பு போகும். அவசரமில்லாத அந்த இடத்தில் கதவு விழும், அவள் போயிருப்பாள்.

பந்தய நாளில் குடும்பமே வந்தது. அப்பா முதலில் ட்ராக் ஓரம் நின்ற ஆம்புலன்ஸைச் சுற்றிப் பார்த்து, டயரை உதைத்து, அதன் டிரைவரிடம், "வண்டி சும்மா நிக்கட்டும், சரியா?" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தொடக்கச் சுற்றுகளை எப்படியோ தாண்டினாள். அரையிறுதி. எட்டுச் சக்கரங்கள் இரும்பில் சாய்ந்தன. பக்கத்து லேனில் அவள் டீமின் இளையவள், "இன்னிக்காவது முட்டாதக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பதிவுக் குரல் சொல்லி முடித்தது. மௌனம் வந்தது. அவள் அதை அவசரப்படுத்தவில்லை. வேண்டிய மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பீப்.

சரிவில் இறங்கும்போது ஏதோ ஒன்று தப்பாகத் தெரிந்தது. என்னவென்று புரிய ஒரு கணம் ஆனது. முன்னால் முதுகுகள் இல்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக முதல் மேட்டை அவள் முழுசாகப் பார்த்தாள். அரையிறுதிக்கு முன் பெருக்கித் தண்ணீர் தெளித்த ஈர மண். ஒரு டயர் தடம்கூட இல்லை. யாரும் எழுதாத பக்கம் போலக் கிடந்தது. அதைப் பார்த்த வியப்பில் பெடல் ஒரு மிதி தவறிவிட்டது. இரண்டாம் வளைவில் ஒருத்தி உள்ளே புகுந்தாள், கடைசி நேர்கோட்டில் இன்னொருத்தி. நான்காமவளின் டயர் அவள் பின் சக்கரத்தில் உரசுவது கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

மூன்றாவது.

வேலிக்கு அப்பால் அத்தை விசில் அடித்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அப்பாவுக்கே அன்றுதான் தெரியும்.

ஃபைனலில் ஆறாவதாக வந்தாள். ஆறாவதாக வந்த ஒருத்தி இப்படி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டியதை யாரும் பார்த்ததில்லை. ஜெயித்தவளே குழம்பிப்போய் முடிவு காட்டும் மானிட்டரை ஒருமுறை சரிபார்த்தாள்.

மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "அடுத்த வருஷ ஜெர்சி அடிக்கக் குடுக்கணும். என்ன அளவு போடறது?"

அவள் வாயெடுப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள்.

"நீங்க ஒண்ணும் அளவு போட வேணாம் சார். ஒவ்வொரு வருஷமும் நீங்க குடுக்கறதைப் பிரிச்சுத் தைக்கறதே எனக்கு வேலையாப் போச்சு. தோள் ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது." சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து டேப்பை உருவினாள். "இங்க வாடி."

அத்தனை பேர் நடுவில், புழுதி படிந்த முகமும் ஹெல்மெட்டுமாக அவள் கைகளை விரித்து நின்றாள். அம்மா டேப்பைத் தோளில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"ஆடாம நில்லேன்டி, அளவு மாறுது!"

எங்கே நிற்பது? தோள் இரண்டும் சிரித்துச் சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்தன.