அத்தைக்காகக் கேட்காத வரம்

எங்கள் ராயபுரத்துக் கோயிலில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. முதன்முதலாகப் பூசையில் நன்மை அப்பம் நாக்கில் படுகிற அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் ஆண்டவர் மறுக்கமாட்டார் என்பார்கள். எந்த ஞானோபதேசப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனாலும் அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவில் எனக்கிருந்த மவுசு கவுன்சிலருக்குக்கூட இருந்திருக்காது. பக்கத்து வீட்டு அக்கா நர்சிங் சீட்டு கேட்கச் சொன்னாள். அம்மா தன் முட்டிவலியைச் சொன்னாள். நான் எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டு, மனதுக்குள் ஒரு சிவப்பு சைக்கிளை நிறுத்திவைத்திருந்தேன்.

கடைசியாகக் கேட்டது அத்தை. அப்பாவின் தங்கை. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, அது சரிப்படாமல் நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் விரல்களில் அந்த வாடை போகாது. அந்த விரல்களால்தான் எனக்கு வெள்ளைக் கவுன் தைத்தாள். அளவு பார்க்கக் கவுனை என் தோளில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கோசரம் ஒண்ணே ஒண்ணு கேளுடி கண்ணு. அத்தைக்கு மன்னிக்கிற மனசு குடு சாமின்னு, அவ்ளோதான்."

"யார மன்னிக்கணும்?"

"அது சாமிக்குத் தெரியும்."

"இன்னா அத்தை, வேற எதுனா நல்லதா கேளேன்."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நானும் கேட்டுப் பாத்துட்டேன்டி, வரல. நீ கேட்டா வரும்" என்றாள்.

அத்தை ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவாள். கடைசி பெஞ்சில் உட்காருவாள். எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது அவள் மட்டும் எழமாட்டாள். அப்பாவோ முதல் ஆளாகப் போவார். சாவான பாவத்தோடு நன்மை வாங்கக்கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த அன்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடேயப்பா, அத்தை பெரிய பாவி! ஒன்பது வயதில் வருகிற அறிவு இருக்கிறதே, அது யாருக்கும் வரக்கூடாது. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் என் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆத்தும சோதனை செய்தபோது, தம்பியை அடித்தது, தேங்காய் பர்பி திருடியது என்று இரண்டே பாவங்கள்தான் எனக்கு அகப்பட்டன. அத்தையைச் சோதித்ததில் பாதிகூட என்னை நான் சோதிக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. அப்பம் நாக்கில் பட்டது. பல்லில் படக்கூடாதே என்று பயந்துகொண்டே கண்ணை மூடினேன். அத்தை நினைவுக்கு வந்தாள், வராமலில்லை. ஆனால் இருப்பதே ஒரு வரம், அதைப் போய் ஒரு பாவிக்குக் கொடுப்பானேன்? "சாமி, சைக்கிள்" என்றேன். சிவப்பு என்பதையும் மறக்காமல் சொன்னேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அத்தை ஓடிவந்து, "கேட்டியாடி?" என்றாள்.

"கேட்டேன் அத்தை."

என் இரண்டு கன்னங்களையும் பிடித்து மாறிமாறி முத்தமிட்டாள். அத்தனை சந்தோஷமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததேயில்லை.

அடுத்த ஞாயிறு நன்மை நேரத்தில் திரும்பிப் பார்த்தால், அத்தை எழுந்து வரிசையில் நிற்கிறாள்! முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகூப்பியபடி ஒவ்வொரு அடியாக வந்தாள். நன்மை வாங்கிவிட்டுத் திரும்பிய அப்பா அவளுக்கு எதிரே வந்தார். இருவரும் நின்றுவிட்டார்கள். அத்தை அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனார். அத்தை வரிசையை விட்டு விலகி, நேராக வாசலுக்குப் போய்விட்டாள். ஆண்டவரே இவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை பார் என்று நினைத்தேன்.

அந்த வருஷக் கடைசியில், குஜராத்தில் ஏதோ மீன் கம்பெனியில் வேலை என்று அத்தை ரயிலேறினாள். இரண்டு கிறிஸ்துமசுக்கு வந்தாள். மூன்றாம் வருஷம் காய்ச்சலில் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அடக்கத்துக்குப் போய்வந்த அப்பா, அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நன்மைக்கு எழவில்லை. இன்றுவரை எழுந்ததில்லை.

ஏன் என்று நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அம்மா சொன்னாள்.

"வயித்துல ஆறு மாசத்தோட, புருசன் அடிச்சான்னு அழுதுகினு வந்தா. குடும்பம்னா அப்டித்தான்னு உங்க நைனா அன்னிக்கே ஆட்டோ வெச்சு கொண்டும்போயி வுட்டுட்டு வந்தாரு. பதினஞ்சே நாள்ல திரும்பி வந்தா. வயித்துல ஒண்ணுமில்ல. மன்னிச்சிடும்மான்னு ஒரு வார்த்த உங்க நைனா வாயில வரல. அண்ணன் மேல கசப்ப வெச்சிகினு எப்டி நன்மை வாங்கறதுன்னு இவ கடைசி பெஞ்சுலயே குந்திட்டா."

கோயிலுக்கு வந்த அத்தனை பேரிலும் தன் மனதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் நன்மை வாங்கும்போது அவளுக்காக அந்த மன்னிக்கிற மனசையே கேட்கிறேன். யாருக்கு வேண்டும் இனி? அவள் அந்தப் பெஞ்சில் ஒரே ஒரு தடவை வந்து உட்காரமாட்டாளா என்று இருக்கிறது.

சைக்கிள் வந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் அப்பா வாங்கிவந்தார், நல்ல சிவப்பு. ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அத்தைதான். இறால் வேலை முடிந்து வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சீட்டைப் பிடித்தபடி கோயில் தெரு முழுக்க என் பின்னாலேயே ஓடுவாள். "கீழ பாக்காத, நேரா பாரு! நா புடிச்சிகினுதான் கீறேன்!" நாலாம் நாள் சீட்டை விட்டுவிட்டாள். நான் விழாமல் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினாள்.

"கண்ணு, சாமிகிட்ட இன்னொருவாட்டி கேக்கிறியாடி?" என்றாள்.

"ஒருவாட்டிதான் அத்தை கேக்க முடியும்" என்று சொல்லிவிட்டு, பெல்லை அடித்துக்கொண்டே போய்விட்டேன்.